பானெட்டுச் சூடு

கையை வச்சுப் பாத்தான், சுட்டுச்சு, எடுத்துட்டான். எடுத்த கையைக் கன்னத்துல வச்சான், கன்னமும் சுட்டுச்சு. இப்ப சூடு எங்க இருக்கு, பானெட்டுலயா, கையிலயா, நம்ம மூஞ்சியிலயான்னு டைட்டஸுக்குக் குழப்பமாயிருச்சு. மறுபடி வச்சான். நல்லா நீவிப் பாத்தான். நடுவுல இட்லிக் குண்டான் மூடி மாதிரி கொதிக்குது. ஓரத்துல பரவால்ல. வர்ற ஆளு ஓரத்துல கை வச்சா தப்பிச்சோம், நடுவுல வச்சா செத்தோம். எவனாவது ஓரத்துல வைப்பானா? பழைய கார் வாங்க வர்றவன் வந்த உடனே டயரைப் பாக்கமாட்டானாம், சீட்டைப் பாக்கமாட்டானாம், பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்து, பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டியத் தடவுற மாதிரி அலுங்காம பானெட்டு நடுவுல கையை வைப்பானாம். ஜில்லுன்னு இருந்தா விக்கிறவன் யோக்கியன். சூடா இருந்தா, ஓகோ, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டுச் சூடேத்தி வச்சிருக்கான், ஆறிப்போனா கிளம்பாத வண்டின்னு அர்த்தம். இது டைட்டஸுக்கு எப்பத் தெரியும்? கொஞ்ச நேரம் முன்னாடிதான் தெரியும். போன்ல ஒரு ஆளு வீடியோ போட்டிருந்தான், 'பழைய கார் வாங்கப் போறீங்களா, முதல்ல பானெட்டைத் தொடுங்க'ன்னு. அதை இவன் டிரைவர் சீட்டுல சாஞ்சுக்கிட்டு பாத்தப்ப எஞ்சின் கடகடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரொம்ப நேரமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல மெசேஜ் வந்ததும் கேக்கல. "ப்ரோ வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்க. நான் வந்து பண்ணிப் பாத்துக்கறேன்." படிச்சுட்டு அவன் சாவியைப் பிடுங்குன வேகத்துல, சாவி வளையத்துல இருந்த மாதா படம் தெறிச்சுப் போய் சீட்டுக்கு அடியில விழுந்துச்சு. மாதாவே கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

பின்ன ஸ்டார்ட் பண்ணாம என்ன பண்றது. பழைய டீசல் வண்டி. சாவியத் திருப்புனா, சுருள் மாதிரி ஒரு மஞ்ச லைட்டு எரியும், அது அணையுறவரைக்கும் பவ்யமா உக்காந்திருந்து, அப்புறம் தம் கட்டித் திருப்பணும். முதல் திருப்புல இருமும். அடுத்ததுல காறும். அதுக்கடுத்ததுல, மனசு வந்தா, காட்டூர்ல இந்தத் தெருவையே மறைக்கிற மாதிரி வெள்ளைப் புகையைக் கக்கிட்டு கிளம்பும். எதிர்வீட்டம்மா காயப்போட்ட துணியெல்லாம் உள்ள எடுத்துருவாங்க. ஒருவாட்டி சூடாயிட்டா அப்புறம் தங்கம், எத்தனை தடவ அணைச்சு எழுப்புனாலும் எந்திரிக்கும். அதனாலதான் சூடேத்தி வச்சான். யாரும் சொல்லிக் குடுக்கல, சொந்த மூளை. இதே மூளைதான் இஞ்சினியரிங் மூணாவது வருசத்துல, இனிமே நம்மளால காலேஜுக்கு ஒரு லாபமும் இல்லன்னு முடிவெடுத்து வீட்டுக்கு வந்துச்சு. சரி, ஆறட்டும். எவ்வளவு நேரத்துல ஆறும்? காப்பி ஆறும், கோவம் ஆறும், இந்த இரும்புக் கழுதை எப்ப ஆறும்னு எந்த செமஸ்டர்லயும் சொல்லித் தரல, சொல்லித் தந்திருந்தாலும் இவன் அன்னைக்குப் போயிருக்கமாட்டான். தினத்தாளை மடிச்சு விசிறுனான். வாளியில துணியை நனைச்சுப் போட்டான், ஆவி வந்துச்சு, பதறிப்போய் எடுத்தான், எடுத்தா ஈரத் தடம், ஏன்யா பானெட்டை மட்டும் கழுவியிருக்கேன்னு கேப்பான், அதனால முழு வண்டியையும் துடைக்க ஆரம்பிச்சான். வெயில்ல நின்ன வண்டின்னு சொல்லலாமா? திருச்சி வெயிலுக்கு எந்த வண்டி பானெட்டுதான் சுடாது? ஆனா காலையிலேர்ந்து தகரக் கொட்டகைக்குள்ள நிக்குது. வெயிலுக்குத் தள்ளிக் கொண்டுபோய் நிப்பாட்டிட்டா? கியரை விடுவிச்சு, தோள் குடுத்துத் தள்ளிப் பாத்தான். வண்டி நகரல. இவன் செருப்பு நகந்துச்சு. நிமிந்து பாத்தா வெயிலும் போயிருச்சு, பின்னாடி இருக்கிற அடுக்குமாடி அதை முழுங்கிட்டு நிக்குது. போன் டொய்ங்குன்னுச்சு. "பக்கத்துல வந்துட்டேன் ப்ரோ." பக்கத்துலன்னா எவ்வளவு பக்கத்துல? பக்கத்துலன்னு சொல்றவன் எல்லாம் இன்னும் வீட்டுல சட்டைக்கு பட்டன் போட்டுக்கிட்டுத்தான் இருப்பான். இருக்கணும். மாதாவே, அவன் சட்டையில ஒரு பட்டன் அந்துபோகட்டும்.

ஜன்னல் பக்கம் இருந்து அக்கா ஜெசிந்தா குரல். தோள்ல குழந்தை. "டேய், காருக்கா விசிறுற? அதுக்கு வேர்க்குதா?" "ஆமாக்கா, மாசமா இருக்கு." "உன் மருமகனுக்கு ஒரு நாளாவது விசிறியிருப்பியாடா நாயே." குழந்தை இவனைப் பாத்துச் சிரிச்சுச்சு, அஞ்சு மாசக் குழந்தை, யாரைப் பாத்தாலும் சிரிக்கும், கொசுவைப் பாத்துக்கூடச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பாத்ததும் டைட்டஸுக்கு விசிறுற கை நின்னுபோச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு அக்காவையும் குழந்தையையும் திண்டுக்கல்லுல மாமா வீட்டுல கொண்டுபோய் விடணும். முதல் பிரசவம் பாத்து அனுப்புற பிள்ளைய அப்பன்தான் கொண்டுபோய் விடணும், சொந்த வண்டியை வாசல்ல நிப்பாட்டிட்டு வாடகை வண்டியில அனுப்பமாட்டேன்னு அப்பா ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. அப்பா அருளானந்தம். பைப் கம்பெனி சேல்ஸ் ரெப்பா இருந்து, இந்தக் கார்லயே கரூர், புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைன்னு மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுன மனுசன். அந்த மனுசனுக்கு சுகர் இடது கண்ணைத் தின்னுருச்சு. கண் டாக்டர் ஓட்டாதீங்கன்னாரு. அப்பா வீட்டுல வந்து, அது ஒரு சின்னப்பய, அவனுக்கு மீசையே இப்பத்தான் முளைக்குதுன்னாரு. அம்மா போன செவ்வாக்கிழமை கார் சாவியை அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வச்சாங்க. அப்பா ஒரு வார்த்தை கேக்கல, தேடல, குளிச்சு பவுடர் போட்டாரு, வாசல்ல வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவது சாவி. அது எங்க வச்சிருக்காருன்னு அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். டைட்டஸ் ஓடிப்போய்ப் பக்கத்துச் சீட்டுல ஏறிக்கிட்டான்.

கடைத்தெரு தாண்டி, இடது பக்கச் சந்துலேர்ந்து ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்துச்சு, பள்ளிக்கூட யூனிபாரம். டைட்டஸ் பாத்துட்டான். அப்பாவும் பாத்துட்டாருன்னுதான் நினைச்சான். வண்டி வேகம் குறையல. இன்னும் குறையல. "ப்பா!"ன்னு இவன் கத்துன கத்துக்குத்தான் பிரேக்கு விழுந்துச்சு, பிரேக்கு அந்தப் பொண்ணுக்காக விழல, கத்துனதுக்காக விழுந்துச்சு. பம்பருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு ஜாண். பொண்ணு திரும்பிப் பாத்துச்சு, சடையைப் பின்னாடி தூக்கிப் போட்டுச்சு, போயிருச்சு, அதுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்பா ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, "நிழல்னு நினைச்சேன்டா"ன்னாரு. திரும்பி வீடு வர்றவரைக்கும் ஹாரனை அடிச்சுக்கிட்டே வந்தாரு, காலி ரோட்டுல. அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு. இவன் சொல்லல. வாய் ஓயாதவன்னு தெருவுல பேரு வாங்குனவன், இந்த ஒண்ணை மட்டும் சொல்லல, சொன்னா அப்பா எங்க மூஞ்சியைக் கொண்டுபோய் வைப்பாரு. அதுக்குப் பதிலா, வித்துருவோம்ப்பா, வண்டிக்கும் வயசாயிருச்சுன்னான். வண்டிக்கு வயசாயிருச்சுன்னு சொன்னா கோவம் வராது பாருங்க. அவரும் யோசிச்சு, ஒரு பேச்சு பேசுனாரு. "சனிக்கிழமைக்குள்ள போச்சுன்னா போகட்டும். போகலன்னா அந்த போன் ஆப்புல இருந்து எடுத்துரு. ஞாயித்துக்கிழமை நான்தான் ஓட்டுவேன்." இன்னைக்கு சனிக்கிழமை. நாளைக்கு திண்டுக்கல் ரோடு, இடது பக்கமா லாரி, அக்கா மடியில குழந்தை, குழந்தை லாரியைப் பாத்துச் சிரிக்கும். நீ ஓட்டித் தொலைய வேண்டியதுதானேடான்னா, இவனை லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொன்னாங்க, இவன் ஆறு போட்டுட்டு கம்பத்துல போய் நின்னவன். அதுக்கப்புறம் அப்பா இவனை வண்டியை ஓரங்கட்டுறதுக்கு மட்டும்தான் ஸ்டீரிங் பக்கம் விடுவாரு, ஓட்டச் சொல்லமாட்டாரு.

ஆப்புல போட்டதும் லேசுப்பட்ட காரியமா இல்ல. வெலை என்ன போடுறதுன்னே தெரியல. ஆப்பு ஒரு வெலை சொல்லுச்சு, அதைப் பாத்து அப்பா, இது ஸ்டெப்னி டயரு வெலைன்னாரு. அவரு ஒரு வெலை சொன்னாரு, அதுக்குப் புது வண்டியே வாங்கிப் பூவும் போட்டுக்கலாம். ஒரு புரோக்கர் வந்து சுத்திப் பாத்துட்டு எடைக்குக் கேட்டான், அப்பா அவனுக்குத் தண்ணிகூடக் குடுக்காம அனுப்புனாரு. இன்னொருத்தன், மீட்டரை எழுபதாயிரத்துக்கு இறக்கிருவோம் ப்ரோ, ஒரு மணி நேர வேலைன்னான். அப்பாகிட்ட சொன்னா, "அது நான் ஓட்டுனதுடா. ஓட்டுனதை ஓட்டலன்னு எப்பிடிச் சொல்றது"ன்னு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அதனால இவனே விளம்பரம் எழுதுனான். 'ஒரே ஓனர். நிலாவுக்குப் போக இன்னும் எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் பாக்கி.' நூறு பேர் சிரிச்சாங்க, ஒருத்தனும் வாங்கல. 'இருக்கா?'ன்னு ஒருத்தன். இருக்குன்னா பதில் இல்ல. 'லாஸ்ட் எவ்ளோ?'ன்னு ஒருத்தன், முதல்ல எவ்வளவுன்னே கேக்காம. மணப்பாறைக்காரன் ஒருத்தன் ரெண்டு ஆடும் ஒரு பழைய பைக்கும் தர்றேன்னான், டைட்டஸ் ஆடு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேட்டான், அவன் பிளாக் பண்ணிட்டான். நேர்ல வந்தது ரெண்டே பேர், ரெண்டு பேரையும் அப்பா பேசியே விரட்டுனாரு. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணோட கோவத்தைச் சொல்லிப் பெருமைப்படுற அப்பன் மாதிரி, "ஏசி டிசம்பர்ல நல்லா வேலை செய்யும், மே மாசம்தான் வம்பு பண்ணும்"னு. இப்ப மூணாவதா இந்த கே.ஆர். போட்டோ இடத்துல ரோஜாப்பூ. பேச்சு சுருக்கம். கண்டிப்பா மீசை பெருசு, கையில காப்பு, பெரிய உள்ளங்கை, அந்தப் பெரிய உள்ளங்கை வந்து பானெட்டு நடுவுல, ஐயோ. சூடா இருக்கேன்னா என்ன சொல்றது? வெயில். இல்ல, கொட்டகை. கடைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தோம். எந்தக் கடைக்குன்னா? பூனை படுத்திருந்துச்சு. அது பரவால்ல, பூனை எங்கயும் படுக்கும், பூனைகிட்ட போய்க் கேக்கவாப் போறான். கை வச்சுப் பாத்தான். நடுவுல இன்னும் சுட்டுச்சு. ஆனா முன்ன மாதிரி இல்ல. இல்ல, அதே மாதிரிதான். கேட்டுல ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு.

ஹெல்மெட்டைக் கழட்டுனா ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும், தலையில சேலை முக்காடு, முழங்கையில மஞ்சப்பொடி கறை. "கார் இதுதானே தம்பி?" "ஆமாங்க. அவரு வரலிங்களா?" "எவரு?" "கே.ஆர்." "நான்தான். கே. ரஹ்மத்து." "மெசேஜ்ல ப்ரோ ப்ரோன்னு..." "ப்ரோன்னு போட்டா வெலை குறைப்பாங்கன்னு எம்மவன் சொன்னான். குறைப்பீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே நடந்து வந்து, நாலு ஆஸ்டலுக்குச் சாப்பாடு சமைச்சு அனுப்புறேன், ஆட்டோக்காரன் வாரத்துல ரெண்டு நாள் காலை வாரி விடுறான், பின்சீட்டை மடிச்சா சாம்பார்க் கேன் நிக்குமான்னு கேட்டுக்கிட்டே, கேட்டுக்கிட்டேதான், பானெட்டு நடுவுல கையை வச்சுட்டாங்க. உள்ளங்கை. அப்புறம் கையைத் திருப்பிப் புறங்கை, காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியில வைக்கிற மாதிரி. "சூடா இருக்கே." டைட்டஸ் வாயைத் திறந்தான். வெயிலும் கடையும் பூனையும் ஒண்ணா ஓடிவந்து தொண்டையில முட்டிக்கிச்சு. "பூனை..."ன்னான். "பூனையா?" "பூனை... வெயில்ல... கடைக்குப் போயிருந்துச்சு." வாழ்க்கையில முதல் தடவையா இவன் பேசி யாரும் சிரிக்கல.

சிரிப்பு பின்னாடியிருந்து வந்துச்சு. வாசப்படியில அப்பா. எவ்வளவு நேரமா நிக்கிறாரோ. "சூடேத்தி வச்சிருக்கான்மா. ஆறிப்போனா கிளம்ப முரண்டு பிடிக்கும். ஹீட்டர் பிளக்கு மாத்தணும், மாத்திட்டா சரியாப் போயிரும்." போச்சு. அவ்வளவுதான். திண்டுக்கல் ரோடு, லாரி, சிரிப்பு. அந்தம்மா இவன் பக்கம் திரும்புனாங்க. "ஏன் தம்பி, இதை மெசேஜ்ல சொல்லியிருக்கலாம்ல. நான் விடியுறதுக்கு முன்னாடி அடுப்பு பத்த வைக்கிறவ. வண்டி கிளம்பலன்னா அங்க பிள்ளைக பசியோட கிளாஸுக்குப் போகும்." இவனுக்குத் தரையைப் பாக்கத்தான் முடிஞ்சுச்சு, தரையில இவன் துடைச்ச தண்ணி ஓடிக் கிடந்துச்சு. அப்புறம் அப்பாவைப் பாத்தாங்க. "இவ்வளவு ஒடைச்சுச் சொல்றீங்க, பிரியமாத்தான் வச்சிருக்கீங்க. எதுக்குண்ணே விக்கிறீங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் டைட்டஸ் நேத்தே மனப்பாடம் பண்ணியிருந்தான், பெரிய வண்டி எடுக்கப் போறோம், வீட்டுல ஆள் கூடிருச்சுன்னு. சொல்லப் போனான். அப்பா முந்திக்கிட்டாரு.

"கண்ணு தெரியலம்மா."

ஜன்னல்ல ஜெசிந்தா தட்டிக்கிட்டிருந்த கை குழந்தை முதுகுலயே நின்னுச்சு. "இடது கண்ணு சுத்தமா போச்சு. செவ்வாக்கிழமை ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்தது தெரியல. இவன் கத்துனான். கத்தலன்னா..." எதிர்வீட்டம்மா துணி எடுக்க வந்தவங்க எடுக்காம நின்னாங்க. டைட்டஸுக்கு ஏதாவது ஒண்ணு சொல்லி இதை மூடிரணும்னு இருந்துச்சு, ஒரு சின்ன ஜோக்கு, தொட்டுக்கிற அளவு, ஒண்ணும் அம்புடல. ரஹ்மத்தும்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க. அப்புறம், "நாளைக்குக் காலையில வர்றேன்ணே. நல்லா ஆறுனப்புறம் நானே திருப்பிப் பாக்கணும். பிளக்கு செலவை வெலையில கழிச்சுக்குவோம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது"ன்னாங்க, டைட்டஸைப் பாத்து. காலையில எப்ப? சனிக்கிழமைக்குள்ளன்னுதானே அப்பா சொன்னாரு, ஞாயித்துக்கிழமைன்னா பேச்சு முறிஞ்சு போச்சுல்ல, முதல் பூசை முடிஞ்சதும் கிளம்பணும்னு நேத்தே சொன்னாரே, இவங்க வர்றதுக்குள்ள இவரு மணப்பாறை தாண்டிருவாரேன்னு இவன் மனசு ஓடிக்கிட்டிருக்கும்போதே, அப்பா இவன் கையிலிருந்து, அம்மா அரிசி டப்பாவுலேர்ந்து எடுத்துக் குடுத்திருந்த சாவியை வாங்கி அந்தம்மாகிட்ட நீட்டுனாரு. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இங்க இருந்தா இவன் மறுபடி சூடேத்திருவான்." அவங்க தயங்கி வாங்குனாங்க. "இருங்க, வந்துர்றேன்"னு உள்ள போனாரு. ஃபிரிட்ஜு கதவு திறக்கிற சத்தம், மூடுற சத்தம். மோர் எடுத்துட்டு வர்றாருன்னு நினைச்சான். வெறுங்கையை மூடிக்கிட்டு வந்து, அந்தம்மா உள்ளங்கையில திறந்தாரு. இன்னொரு சாவி. "இது எதுக்குண்ணே, ஒண்ணு போதுமே. யாத்தே, என்ன ஐஸ் மாதிரி இருக்கு." "அதுவும் இருக்கட்டும்மா."

இன்சுலின் டப்பாவுக்குள்ள இருந்திருக்கு அந்த ரெண்டாவது சாவி. வீட்டுல யாரும் தொடாத ஒரே டப்பா. இந்த நாலு நாளா டைட்டஸ் பைபிள் உறையைப் பிரிச்சுத் தேடுனான், ஷேவிங் செட்டுல தேடுனான், கோட்டுப் பையில தேடுனான், ஒரு நாளைக்குப் பத்துத் தடவ தண்ணி குடிக்கத் திறக்கிற ஃபிரிட்ஜுக்குள்ள இருந்துச்சு. ஸ்கூட்டர் போயிருச்சு. சந்து திரும்புற சத்தமும் போயிருச்சு. அப்ப டைட்டஸுக்குப் புதுசா ஒரு பயம் பிடிச்சுச்சு. "ப்பா, முன்னப்பின்ன தெரியாத ஆளு. அட்வான்ஸ் வாங்கல, அட்ரஸ்கூடக் கேக்கல. ரெண்டு சாவியும் குடுத்துட்டீங்க. ராத்திரி வந்து ஓட்டிட்டுப் போயிட்டா?" அப்பா கொட்டகையைப் பாத்தாரு, தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால. "ஓட்டிட்டுப் போகட்டும். ஆறிப்போன வண்டி. தள்ளிவிட நம்மளைத்தான் எழுப்பணும்." ஜன்னல்ல ஜெசிந்தா சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல, மூக்கை உறிஞ்சுனா, அதைப் பாத்துக் குழந்தை சிரிச்சுச்சு. "நாளைக்கு ஒரு வாடகை வண்டி சொல்லிருடா. நல்ல வண்டியா"ன்னுட்டு அப்பா வாசப்படி பக்கம் நடந்தாரு. இடது பக்கம் செருப்பு குறுக்க கிடந்துச்சு. "ப்பா, செருப்பு"ன்னான். வேற நாளா இருந்தா, எனக்குத் தெரியும்டான்னு பல்லைக் கடிச்சிருப்பாரு. "ம்"னாரு, காலைத் தள்ளி வச்சு ஏறிப் போனாரு. டைட்டஸ் இருட்டுற வரைக்கும் அங்கயே நின்னான். பழக்க தோசத்துல கையைக் கொண்டுபோய் பானெட்டு நடுவுல வச்சான். ஆறியிருந்துச்சு. கையை எடுக்கத் தோணல.